ஹார்ட் டிஸ்க் தட்டு கண்ணாடி போல மின்னுவது ஏன்?

பழுதாகி ஒதுக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க்கை யாராவது பிரிக்கும்போது எட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வட்டத் தட்டில் உங்கள் முகம் தெளிவாகத் தெரியும். அழகுக்காகப் போட்ட பாலிஷ் அல்ல அது. நீங்கள் சேமிக்கும் புகைப்படங்களும் கடிதங்களும் பத்திரமாக இருப்பது அந்த வழவழப்பை நம்பித்தான்.

காரணம் இதுதான். தட்டு சுழலும்போது அதன் மேல் காற்றும் சேர்ந்து சுழல்கிறது. அந்தக் காற்றின் மீது ஹெட் எனப்படும் சிறிய பாகம் மிதந்தபடியே தகவலைப் படிக்கிறது, எழுதுகிறது. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கான ராமாக்கில் இந்த இடைவெளி சுமார் 20 மைக்ரான். இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் சேமித்தன. இன்றைய டிரைவ்களில் இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. ஒரு மைக்ரானை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். 7200 ஆர்பிஎம் டிரைவில் தட்டின் வெளி விளிம்பு மணிக்கு சுமார் 125 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஹெட் ஒரு சிறு மேட்டில் இடித்தால் என்ன ஆகும்?

இனி, தட்டு எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். டெஸ்க்டாப் டிரைவ்களில் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். பாரம் ஏற்றிச் சூடாக்கி வளைவை நீக்குகிறார்கள். விளிம்புகளைக் கடைந்து, இரு பக்கமும் கிரைண்டிங் செய்கிறார்கள். எஞ்சினியரிங் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் கடைந்த உருளையை நகத்தால் வருடினால் வரிவரியாகத் தட்டுப்படும். அங்கே சராசரி மேடுபள்ளம் 1.6 மைக்ரான் வந்தாலே நல்ல வேலை என்பார்கள். கிரைண்டிங் அதை இன்னும் குறைக்கும். ஆனால் நமக்கு வேண்டியது நானோமீட்டர் கணக்கு.

அலுமினியத்தை நேராகப் பாலிஷ் செய்து அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. அது மென்மையான உலோகம், எளிதில் கீறல் விழும். அதில் இருக்கும் கடினத் துகள்கள் பெயர்ந்து வந்தால் குழிகளும் விழும். அதனால் ரசாயனத் தொட்டியில் முக்கி, மின்சாரமே இல்லாமல், நிக்கலும் பாஸ்பரசும் சேர்ந்த முலாமை சுமார் 10 மைக்ரான் கனத்துக்கு ஏற்றுகிறார்கள். கடினமான, காந்தமாகாத பூச்சு இது. நிக்கல் தனியாக இருந்தால் காந்தமாகும். பாஸ்பரஸ் அதிகம் சேர்வதால் அந்தத் தொல்லை இல்லை. (லேப்டாப் டிரைவ்களில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு இருக்கும். அதற்கு இந்த முலாம் தேவையில்லை.)

அடுத்து பாலிஷ். மெத்தை ஒட்டிய இரண்டு பெரிய வட்டப் பலகைகளுக்கு நடுவே தட்டுகளை வைத்துச் சுழற்றுகிறார்கள். முதலில் அலுமினா துகள் கலந்த குழம்பு, பிறகு அதைவிட நுண்ணிய சிலிக்கா குழம்பு. குழம்பில் உள்ள ரசாயனம் மேல் படலத்தை இளக்குகிறது, துகள்கள் அதை வழித்தெடுக்கின்றன. இதன் முடிவில் சராசரி மேடுபள்ளம் அரை நானோமீட்டருக்கும் குறைவு. 95 மில்லிமீட்டர் தட்டைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் 95 கி.மீ. அகல மைதானம் கிடைக்கும். அதில் உங்கள் காலுக்குத் தட்டுப்படும் மேடுபள்ளம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது! நீளமான வளைவுகள் இருக்கலாம். அவற்றை ஹெட் ஏறி இறங்கிச் சமாளித்துக்கொள்ளும்.

இதன் மேல்தான் காந்தப் படலம், அதற்கு மேல் சில நானோமீட்டர் கார்பன் கவசம், கடைசியாக மெல்லிய மசகுப் பூச்சு.

வழவழப்பு கூடினாலும் வம்புதான். நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள், எளிதில் வராது. பழைய டிரைவ்களில் மின்சாரம் நின்றதும் ஹெட் தட்டின் மேலேயே இறங்கும். அப்படியே ஒட்டிக்கொண்டால் மோட்டாரால் தட்டைச் சுழற்ற முடியாது. எனவே 1990-களில், ஹெட் இறங்கும் உள்வட்டத்தில் மட்டும் லேசரால் நுண்ணிய புடைப்புகளை உருவாக்கினார்கள். பாடுபட்டு வழவழப்பாக்கிவிட்டு அதில் ஓரிடத்தை மட்டும் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கியது எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவு. இன்றைய டிரைவ்களில் ஹெட் தட்டுக்கு வெளியே உள்ள சாய்தளத்தில் ஏறி நின்றுவிடுகிறது.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. கம்ப்யூட்டர் ஓடும்போது சிபியூ பெட்டியை நகர்த்தாதீர்கள், சாய்க்காதீர்கள். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் உடனே தூக்காமல், சுழற்சி நிற்கும்வரை பொறுங்கள். டிரைவின் மூடியில் சிறு துளையும், அதை மூடாதே என்ற எச்சரிக்கையும் இருந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாவது அதன் வழியாகத்தான். உள்ளே வடிகட்டி உண்டு. 2013 முதல் வந்த ஹீலியம் டிரைவ்கள் முழுவதும் மூடப்பட்டவை, அவற்றுக்கு இந்தத் துளை இல்லை. நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மட்டும் இருந்தால் அதில் தட்டே கிடையாது.

வேலை செய்யும் டிரைவை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். ஒரு புகைத் துகளே அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது, கைரேகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'டிக், டிக்' என்று புதிதாக ஒரு சத்தம் தொடர்ந்து கேட்டால் உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தால், ஹெட் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும் பட்சத்தில், எழுதி வைத்த படலமே தூளாகிப் போகும். அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது. தகவலை மீட்டுத் தருகிறோம் என்று சொல்பவரிடம் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால், தூசியில்லாத அறை இருக்கிறதா என்று கேளுங்கள்.