பழைய காருக்குச் சாமான் வாங்குவது

டெலானிபூரில் பழைய கார் வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். "வண்டி ஓடுது. சாமான் விலைதான் தாங்க முடியலை" என்பார்.

ஏன் விலை ஏறுகிறது? அம்பாசிடர் காரைப் பாருங்கள். அது மேற்கு வங்காளத்தில் தயாரானது. 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. அதே ஆண்டு மாருதி 800 காரும் நின்றது. வண்டி தயாராகாவிட்டால் அதன் சாமானும் போகப் போகக் குறையும். குறைந்த பொருளுக்கு விலை கூடும். அந்தமானுக்கு அது கடல் கடந்தும் வர வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். இங்கே உப்புக் காற்று வேறு இரும்பை அரிக்கிறது!

"அண்ணே, இது பாதி விலைதான். ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்பார் கடைக்காரர். கால் மிதி, கதவுக் கைப்பிடி என்றால் வாங்கலாம். பிரேக் சாமான் மட்டும் வேண்டாம். மட்டமான பிரேக் கட்டை சீக்கிரம் தேயும். சூடேறினால் சரியாகப் பிடிக்காது. நம் ஊர்ச் சாலைகளோ மேடும் இறக்கமும். வண்டியில் பிள்ளைகளும் இருப்பார்கள்.

பெட்டியைக் கையில் வாங்கிப் படியுங்கள். கம்பெனிப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். போலிப் பெட்டியில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். பழைய சாமானில் எண் இருந்தால், புதியதன் எண்ணோடு ஒப்பிடுங்கள். எம்.ஆர்.பி. என்ற விலையைத் தேடுங்கள். வரி அதற்குள் அடக்கம். அதற்கு மேல் தர வேண்டியதில்லை.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். வாகனச் சாமான்களுக்கு 28 சதவீதம் வரை இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. ரசீதில் 28 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. தொலைபேசியில் கூப்பிடலாம்.