மா, குழி, ஏர்: கணக்கிடும் முறை

காவிரிப் பாசனப் பகுதியில் நிலத்தை மா, குழி என்று விலை பேசுகிறோம். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று காண்கிறோம். இரண்டையும் ஒப்பிடாமல் பணம் கொடுத்தல் நட்டத்திற்கு வழியாகும்.

கலப்பு அளவுகளை முதலில் சிறிய அளவாக மாற்றிக்கொள்ள வேண்டும். 100 குழி கொண்டது 1 மா. 20 மா கொண்டது 1 வேலி. 2 மா 40 குழியும் 1 மா 75 குழியும் சேர்ந்தால், 240 + 175 = 415 குழி; அதாவது 4 மா 15 குழி.

12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடியாகும். ஆகவே 415 குழி, 59,760 சதுர அடி. இதனை 435.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 137 சென்ட். 1,076 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 55½ ஏர். பட்டாவில் இவ்வளவு உளதா என்று பார்த்தல் வேண்டும்.

கோலின் நீளம் எங்கும் ஒன்றன்று. ஆதலால் விலை பேசுமுன் அதனைக் கேட்டறிவோமாக.