பாறை இறுகும் காலம்

மும்பையிலிருந்து புனேவுக்குத் தொடர்வண்டியில் செல்வோர், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகள் படிக்கட்டுகளைப்போல அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் காணலாம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தில் நிலப்பிளவுகளின் வழியே பொங்கி வழிந்த எரிமலைக்குழம்பாகும். அது நிகழ்ந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும், அக்குழம்பு பசால்ட் பாறையாக இறுகுவதற்கும் கோடி ஆண்டுகள் ஆயின என்று எண்ணுவது பிழை. பாறையின் வயது வேறு. அது உருவாக எடுத்துக்கொண்ட காலம் வேறு.

ஹவாய்த் தீவில் 1959ஆம் ஆண்டு எரிமலை வெடித்தபோது, பள்ளம் ஒன்றில் நூறு மீட்டருக்கும் மிகுந்த ஆழத்திற்குக் குழம்பு தேங்கியது. அறிவியலாளர்கள் அதன் மேல்ஓட்டைத் துளையிட்டு ஆராய்ந்துவந்தனர். அந்தக் குழம்பேரி முழுவதும் இறுக ஏறத்தாழ 35 ஆண்டுகளே ஆயின. சில மீட்டர் தடிப்புள்ள குழம்பு இன்னும் விரைவில் இறுகிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசால்ட் அடுக்குகளுக்கிடையே ஆங்காங்கே மெல்லிய செந்நிறப் பட்டைகள் தென்படுகின்றன. ஒரு குழம்பு இறுகியபின், அடுத்த குழம்பு வந்து மூடும்வரை, மழையும் காற்றும் பாறையின் மேற்பரப்பைச் சிதைத்து உண்டாக்கிய மண் அது. பத்து மீட்டர் பாறை சில ஆண்டுகளில் இறுகியிருக்கும். அதன்மேல் உள்ள ஒரு முழ மண்ணுக்கோ பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டிருக்கும். மலையின் காலக்கணக்கில் பெரும்பங்கு அம்மெல்லிய பட்டைகளுக்கே உரியது.

ஹம்பியில் குவிந்துகிடக்கும் கிரானைட் பாறைகளின் கதை வேறு. அவற்றின் குழம்பு நிலத்தின் மேல் வழியவில்லை. பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிட்டது. மேலிருந்த பாறைகள் போர்வைபோல் வெப்பத்தைக் காத்தமையால், அத்தகைய குழம்பு குளிர ஆயிரக்கணக்கான, சிலபோது இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். படிகங்கள் பெரிதாக வளர அவகாசம் கிடைத்தது. எனவேதான் கிரானைட்டின் மணிகள் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. எல்லோராக் குகைகளின் பசால்ட்டிலோ பெரும்பாலான மணிகளைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

தில்லிச் செங்கோட்டையின் செம்மணற்கல் படிவுப்பாறை வகையைச் சார்ந்தது. மணல் படிந்து, புதைந்து, நீரில் கரைந்த கனிமங்களால் ஒட்டப்பட்டுக் கல்லாக, பொதுவாகப் பல இலட்சம் ஆண்டுகள் செல்லும். இதற்கும் விலக்கு உண்டு. வெப்பமண்டலக் கடற்கரைகள் சிலவற்றில், கடல்நீரின் சுண்ணப்பொருள் மணலைச் சில பத்தாண்டுகளிலேயே பாறையாக்கிவிடுகிறது. அவ்வாறு இறுகிய பாறைக்குள் கண்ணாடிப் புட்டிகளும் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

பயிற்சி

1. பாறையின் வயதும் அது உருவாகும் காலமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. கிரானைட்டின் மணிகள் வெறுங்கண்ணுக்குத் தெரிவது ஏன்?
3. ‘அவகாசம்’, ‘விலக்கு’ ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.