கையில் அடங்கிய தமிழ்

பின்னலாடைத் தொழிலாற் சிறந்த திருப்பூரில் கைப்பேசி இல்லாத தொழிலாளர் அரியர். அதன் சிறு திரையில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனியிடம் அளித்தல் இயலுமோ? இயலாது. ஆயினும், உயிரும் மெய்யும் கூடியே உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கணம் வழிகாட்டிற்று.

1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிர்கள் இடப்புறமும், அகரமேறிய மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்தன. அவ்வமைப்பு இன்று கைப்பேசியிலும் கிடைக்கிறது. பகரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தொட்டால் ‘பி’ தோன்றும். னகரத்தை இருமுறை தொட்டால் முதல் னகரத்திற்குப் புள்ளி தானே அமையும். ஆகவே ‘பின்னலாடை’ என எழுத எட்டுத் தொடுகைகள் போதும்.

தாய்மொழியில் எழுதுதல் அரிதாயின் மக்கள் பிறமொழி எழுத்தை நாடுவர். எளிதாயின் தமிழ் அவர்தம் கையிலேயே வாழும்.