பைலட்டுக்கு பி.ஜி. எதற்கு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு: 91.75 விழுக்காடு. அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் ஒன்றும் உண்டு. இங்கே ஒற்றைப் பட்டத்தை யாரும் படிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. “மேக்கொண்டு என்ன படிக்கான்?” என்ற கேள்வி கல்யாண வீட்டுப் பந்தியிலும், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலும் காத்து நிற்கும். கடியப்பட்டணம் மாதிரியான கடற்கரை ஊர்களில் பொறியியல், நர்சிங், மெர்ச்சன்ட் நேவி என்று பழகிப்போன வரிசையில் இப்போது பைலட் படிப்பும் சேர்ந்திருக்கிறது. வளைகுடா வேலைக்குப் போகும் வண்டியாக மட்டுமே விமானத்தை அறிந்திருந்த கரை இது. கேரள எல்லையைத் தாண்டினால் வரும் கொச்சுத்துறையின் கடலோரக் குடும்பத்துப் பெண் ஒருவர், 2021 மே மாதம் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த ஏர் அரேபியா விமானத்தில் துணை விமானியாக அமர்ந்திருந்தார். அந்த இருக்கை நமக்கு எட்டாததல்ல. ஆனால் அதை நோக்கி நடக்கிற பிள்ளையை நிறுத்திவைத்து, “எதுக்கும் ஒரு எம்.பி.ஏ. ஏவியேஷன முடிச்சிட்டுப் போ மக்களே” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த அறிவுரையைத்தான் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த வழிகளை விரைவாகக் கடந்துவிடலாம். 12-ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் நேராக விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போகலாம். வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். விமானப்படை வேண்டுமென்றால் பள்ளி முடித்ததும் என்.டி.ஏ., பட்டம் முடித்ததும் ஏஎஃப்கேட் தேர்வு. பயிற்சிப் பள்ளிகளில், ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி அகாடமி நாடறிந்தது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமி இருக்கிறது. ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் என்பது விமானத்தை வடிவமைக்கும் படிப்பு, ஓட்டும் படிப்பல்ல. இதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பதுதான் ஆச்சரியம்.

பைலட் வேலைக்கு அரசு என்ன கேட்கிறது? சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வணிக விமானி உரிமத்துக்குக் கேட்பது 18 வயது, பிளஸ் டூ, கிளாஸ்-1 மருத்துவத் தகுதி, வான்வழிச் செலுத்தல், வானிலை, விதிமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் தேர்ச்சி, ரேடியோ உரிமம், 200 மணி நேரப் பறப்பு. கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும். இந்த ஏணியின் எந்தப் படியிலும் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. நிறுவனத் தேர்வில் மேசைமேல் முதலில் விரிவது லாக்புக். தேதி, விமானத்தின் பதிவெண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், பயிற்றுநரோடா தனியாகவா, பகலா இரவா, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாகக் கையால் நிரப்பி, பயிற்சித் தலைவர் கையொப்பமிட்ட நீளமான புத்தகம். கடைசி வரிகளின் தேதி பழசாக இருந்தால், கேட்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்டமாட்டார்; “இடையில் எங்கே போனீர்கள்?” என்றுதான் கேட்பார். அதற்கு எம்.பி.ஏ. என்பது பதிலாகாது.

ஏவியேஷன் எம்.பி.ஏ. மோசமான படிப்பு என்று சொல்லவில்லை. விமான நிலைய நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து, தரைச் சேவை, டிக்கெட் விலை நிர்ணயம், ஒப்பந்தச் சட்டம் எல்லாம் அதில் உண்டு. விமான நிலையத்தை நடத்தப் போகிறவருக்கு அது பொருந்தும். விளம்பரத் தாளில் மட்டும் நான்கு தங்கப் பட்டை போட்ட கேப்டன் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தப் படத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் சம்பந்தமில்லை. படித்து முடிக்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட லாக்புக்கில் ஏறியிருக்காது. உரிமம் வாங்கியபின் வேலைக்குக் காத்திருக்கும்போது இதில் சேர்வது இன்னும் ஆபத்து. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியை ஆண்டுதோறும் சோதனைப் பறப்பில் புதுப்பிக்க வேண்டும். கிளாஸ்-1 மருத்துவச் சான்றும் ஆண்டுக்கொரு முறை. இரண்டு வருடம் வகுப்பறையில் உட்கார்ந்தவன் கையில் பட்டம் இருக்கும், பறக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மீட்டெடுக்க மறுபடி மணிக்கணக்கில் பணம் கட்டிப் பறக்க வேண்டும். பயிற்சிக்கே ஐம்பது லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் செலவழித்து, ஏர்பஸ் 320 போல ஒரு குறிப்பிட்ட வகைக்கான டைப் ரேட்டிங்குக்கு இன்னும் பல லட்சம் தேட வேண்டியிருக்கிற வீட்டில், எம்.பி.ஏ. கட்டணம் எந்தப் பையிலிருந்து வரும்?

பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்றைப் பெற்றோர் கணக்குப் போடுவதில்லை. விமான நிறுவனத்தில் யார் எப்போது கேப்டன் ஆவார் என்பதைப் பெருமளவு சீனியாரிட்டிப் பட்டியலும் பறந்த மணிநேரமும் தீர்மானிக்கின்றன. இரண்டு வருடம் பிந்திச் சேர்கிறவர் இழப்பது ஆரம்ப காலத்து இரண்டு வருடச் சம்பளம் என்று தோன்றும். ஆனால் 65 வயதில் பயணிகள் விமானம் ஓட்டும் எல்லோருக்கும் ஓய்வு. ஏணியின் அடிப்படிகள் எல்லாவற்றையும் அவரும் ஏறியே ஆக வேண்டும். வெட்டுப்படுவது உச்சிப் படியில் நிற்கும் காலம்தான். அதாவது அவர் கொடுக்கும் விலை மூத்த கேப்டனின் இரண்டு வருடச் சம்பளம். அந்தத் தொகையை ஈடுகட்டும் எம்.பி.ஏ. எதுவும் என் கண்ணில் படவில்லை. வேலையே கிடைக்காத காலத்தில் படித்தால் சீனியாரிட்டி எப்படிப் போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆளெடுப்பு அறிவிப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு வருகைப்பதிவு, செமஸ்டர் தேர்வு என்று கட்டுண்டு கிடப்பவரைவிட, பயிற்றுநர் தகுதி பெற்று ஏதோ ஒரு பள்ளியில் மாணவர்களோடு பறந்துகொண்டிருப்பவர் தயாராக இருப்பார். அவருக்கு மணிநேரமும் ஏறும், சிறிதானாலும் சம்பளமும் வரும்.

“வேலை போனால் கைகொடுக்க ஒன்று வேண்டாமா?” என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். நடுவில் கொரோனா வந்து உலகம் முழுக்க விமானங்களைத் தரையில் நிறுத்தியது. இதயத் துடிப்பில் ஒரு கோளாறு தெரிந்தால் நாற்பது வயதிலேயே உரிமம் போகலாம். ஆகவே மாற்று வழி வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மாற்றும் விமானத் துறைக்குள்ளேயே இருந்தால் எப்படி? நிறுவனம் மூடும் நாளில் விமானியோடு சேர்ந்து அதன் மேலாளர்களும்தானே தெருவுக்கு வருகிறார்கள். துறை நொடிக்கும்போது ஏவியேஷன் எம்.பி.ஏ.வும் கூடவே நொடிக்கும். வள்ளம் கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் மிதவையை அதே வள்ளத்தில் ஆணியடித்து வைப்பது மாதிரி இது. துறைக்கு வெளியே செல்லுபடியாகும் ஓர் இளங்கலைப் பட்டத்தை, அதுவும் தொலைநிலையில், பயிற்சிக்கு இணையாகவே முடித்துவிடலாம். எந்தப் பாடம் என்று கேட்டால் கணிதம் என்பேன், பி.எஸ்சி. கணிதம் படித்து பி.எட். முடித்தவர் இந்த மாவட்டத்தில் பட்டினி கிடந்ததில்லை. கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவனின் ஓரவஞ்சனை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காரணத்தால் உரிமம் போனால் இழப்பீடு தரும் காப்பீடுகள் தனியாக இருக்கின்றன. அதற்குக் கட்டும் பிரீமியம் பட்டப்படிப்பைவிட நேர்மையான பாதுகாப்பு.

“வெளிநாட்டில் பட்டம் கேட்கிறார்களே” என்பது அடுத்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்டது உண்மை. டெல்டா நிறுவனம் 2022 ஜனவரியில் அதைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த நாட்டுச் சட்டம் எதை மதிக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2009-இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் நிறுவன விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. விமானவியலில் இளங்கலை முடித்தவர்களுக்கு அதில் சலுகை உண்டு: 1,000 மணி நேரம் போதும். ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750. முதுகலைக்கென்று தனிச் சலுகை கிடையாது.

முதுகலை பயன்படும் இடங்களும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் விமானி ஆனதற்குப் பின்னால் வருகின்றன. வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரிக்குத் தேர்வாகும் விமானப்படை அதிகாரி அங்கே படித்து முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டத்தோடு வருகிறார். 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் எம்.டெக். படித்தவர், ஆனால் அவர் போர் விமானி, சோதனை விமானி. புது விமானத்தை முதன்முதலில் ஓட்டிப் பார்த்து அதன் குறையைப் பொறியாளர் மொழியில் எழுதித்தர வேண்டியவருக்கு அந்தப் படிப்பு தொழிலின் பகுதி. விபத்துப் புலனாய்வு, பாதுகாப்புத் தணிக்கை பக்கம் திரும்ப நினைக்கும் நடுவயதுக் கேப்டனுக்கு இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்துப் படிப்பு போன்றவை கதவு திறக்கும். அதே படிப்பை 22 வயதில் படிப்பவருக்குப் புலனாய்வு செய்ய என்ன அனுபவம் இருக்கும்? ஏஎஃப்கேட் எழுத நினைப்பவர்களுக்கோ கடிகாரமே எதிரி: பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. 21-இல் பட்டம் முடித்து இரண்டு வருடம் பி.ஜி. படித்தால் மிஞ்சுவது ஓரிரு வாய்ப்பு.

கடற்கரைக் குடும்பங்களுக்கு இது புரியாத கணக்கே அல்ல. மெர்ச்சன்ட் நேவியில் செகண்ட் மேட், சீஃப் மேட், மாஸ்டர் என்று ஒவ்வொரு படிக்கும் கடல்காலமும் தகுதிச் சான்றும்தான் கேட்கிறார்கள்; கப்பலிலிருந்து லீவுக்கு வந்த பையனிடம் யாரும் பி.ஜி. பற்றி விசாரிப்பதில்லை. வானத்துக்கும் அதே பொறுமையைக் கொடுக்கலாம். இந்த வேலைக்கு வேண்டியது பதறாத மனம், கணக்கில் கை ஓடுவது, தப்பைச் சுட்டினால் கோபப்படாமல் கேட்டுக்கொள்வது, பாஷை புரியாத நேரத்தில் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்க வெட்கப்படாதது. இவை இருக்கிறதா என்று பிள்ளையே தன்னைக் கேட்டுப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்வதற்கு இது கட்டணம் கம்மியான படிப்பல்ல. உரிமம் கிடைத்தபின் ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்க நேரலாம். அந்தக் காலத்தை ஏடிபிஎல் தாள்களுக்கும், பயிற்றுநர் தகுதிக்கும், உடம்பைப் பேணுவதற்கும் கொடுக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ்-2 பரிசோதனை, அது முடிந்ததும் பெங்களூரு விமானப்படை மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் கிளாஸ்-1. நிறக்குருடு, காது, இதயம், சர்க்கரை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பயிற்சிக் கட்டணத்தோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப்போவது அந்தச் சான்று கைக்கு வந்தபிறகு இருக்கட்டும்.