ஒரு மெழுகுவர்த்தியும் மூன்று மாணவரும்

முன்னுரை

கற்பித்தல் அரிய கலை என்பர் பெரியோர். எதைக் கற்பிப்பது எனத் தேர்ந்தெடுப்பது அதனினும் அரிது என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டிலேயே உணர்ந்தேன். அவ்வனுபவத்தை மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அத்தான் பாலம் கட்டும் பணியில் இருப்பவர். ஆறு மாதம் ஒரு மாநிலம், எட்டு மாதம் மற்றொரு மாநிலம் என்று குடும்பம் இடம் பெயரும். ஊர்தோறும் பயிற்றுமொழி மாறவே, அக்காள் தம் மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறார். மூத்தவளுக்கு வயது 13, நடுவிலவனுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. "நீ முதுகலை இயற்பியல் படிக்கிறாய். இவர்களுக்கு அறிவியல் பாடத்திட்டம் ஒன்றை வகுத்துக் கொடு தம்பி" என்றார். பெருமிதத்தோடு ஒப்புக்கொண்டேன்.

முதல் முயற்சி

ஒன்றாம், நான்காம், எட்டாம் வகுப்புப் பாடநூல்களை வாங்கினேன். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அரை மணி என அட்டவணையும் எழுதி ஒட்டினேன். இரண்டே வாரத்தில் அது சரிந்தது. ஒருவருக்குப் பாடம் நடக்கையில் மற்ற இருவரும் காத்துக் கிடந்தனர். சமையலும் துணி துவைத்தலும் போக அக்காளுக்கு ஒன்றரை மணி நேரம் கிட்டுவதே அரிதாயிற்று. இறுதியில் மூத்தவள் வரையறைகளைத் தானே நெட்டுருப் போடலானாள். "புரிகிறதா அம்மா?" என்று கேட்டேன். "பரீட்சைக்குப் போதும் மாமா" என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது.

முன்னோர் காட்டிய வழி

கல்லூரி நூலகத்தில் தேடியபோது சில செய்திகள் கிடைத்தன. அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் 1960இல், ஒரே கருத்தை வயதுக்கு ஏற்ப மீண்டும் மீண்டும் சந்தித்து ஆழப்படுத்தும் சுருள்முறைப் பாடத்திட்டத்தை எடுத்துரைத்தார். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளைத் தாமே சோதனை செய்ய வைத்தது. நம் மாநிலத்திலும், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாய் அமர்த்தி அவரவர் வேகத்தில் பயில வைத்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1860–61இல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே, ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டு இளையோருக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றியிருக்கிறார்.

பொருள் ஒன்று, படிகள் மூன்று என்பதே இவற்றிலிருந்து நான் பெற்ற வழி.

மெழுகுவர்த்திப் பாடம்

கடைக்குட்டி சுடரைத் தள்ளி அமர்ந்து பார்த்துப் படம் வரைய வேண்டும். நடுவிலவன் சிறியதும் பெரியதுமான கண்ணாடித் தம்ளர்களைக் கவிழ்த்து, சுடர் எத்தனை நொடியில் அணைகிறது எனக் குறித்துக்கொள்ள வேண்டும். மூத்தவள் காரணம் ஆராய வேண்டும். அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றுவதைக் கண்டு, எரிவது மெழுகின் ஆவியே என அவள் தெளிந்தாள்.

அடுத்து, தட்டில் நீரூற்றி, நடுவில் வர்த்தியை ஏற்றித் தம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது, நீர் உள்ளே ஏறியது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அவ்விடத்தை நீர் நிரப்பியது" என்றேன். நான் பள்ளியில் படித்ததும் அதுவே.

கடைக்குட்டி, "மாமா, முதலில் குமிழி வெளியே வந்ததே!" என்றான். மூத்தவள் நிமிர்ந்து, "காற்று குறைந்தால் குமிழி ஏன் வெளியே வர வேண்டும்?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. மூன்று வர்த்திகளை ஏற்றி, அதே தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தோம். நீர் முன்னினும் உயரமாய் ஏறிற்று. ஆக்சிஜன் தீர்வதே காரணமெனில், தம்ளர் ஒன்றாகையால் உயரமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமன்றோ? சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து, ஒரு பகுதி குமிழியாய் வெளியேறுகிறது; சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. வாயுக்களின் மாற்றத்துக்கும் சிறு பங்குண்டு. ஆயினும் ஆக்சிஜன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது.

பல ஆண்டுகள் நான் சுமந்திருந்த பிழையைத் திருத்தியவன் ஆறு வயதுச் சிறுவன். மூவரும் தனித்தனியே பயின்றிருந்தால் அவன் கண்ட குமிழி அவளுடைய வினாவாகியிருக்காது. அன்று மாலை மூத்தவள் நெட்டுருப் போடவில்லை. நான்கு வர்த்தி வேண்டுமென்று கேட்டாள்.

தேர்வு செய்யும் முறை

இதன்பின் நான் வகுத்த பாடத்திட்டத்தின் நெறிகள் வருமாறு:

1. காற்று, நீர், ஒளி, செடிகொடி, உடல் போன்றவற்றை மூவருக்கும் பொதுவாக்கலாம். காண்பது ஒன்று, எழுதுவது வயதுக்கேற்ப வேறு.

2. வேதிச் சமன்பாடு, மின்சுற்றுக் கணக்கு முதலியன ஏணிப்படி போன்றவை. இவற்றுக்கு மூத்தவளுக்குத் தனி நேரம் வேண்டும்.

3. விடையை முதலில் கூறிச் சோதனையைப் பின்னர்க் காட்டும் நூலைவிட, வினாவை முதலில் எழுப்பும் நூலே சிறந்தது.

4. சோதனைப் பொருள்கள் அடுக்களையிலும் பெட்டிக்கடையிலும் கிடைக்க வேண்டும். ஊர் மாறும் குடும்பம் ஆய்வகத்தைச் சுமக்க இயலாது.

5. தேர்வை மறத்தலாகாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிய 14 வயது நிரம்ப வேண்டும். மூத்தவளுக்கு எஞ்சியது ஓராண்டே. ஆதலின் பொதுப்பாடம் ஒவ்வொன்றின் இறுதியிலும் அத்தேர்வின் பாடப்பகுதியை இணைத்தேன்.

முடிவுரை

அக்காள் குடும்பம் இப்போது வேறு மாநிலத்தில் உள்ளது. ஞாயிறுதோறும் மூத்தவள் தொலைபேசியில் அழைத்து, விடை சொல்ல இயலாத கேள்வி ஒன்றையேனும் கேட்கிறாள். நான் நூலகத்துக்கு ஓடுகிறேன்.

நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறோம். அறிவியல் பாடத்தைத் தேர்ந்தெடுக்கையில், இப்பாடத்தில் ஒரு குழந்தை நம்மைத் திருத்த இடமுண்டா என்று நாம் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.