வீட்டிற் கோப்பி வடித்தல்: ஏற்ற முறையைத் தெரிந்தெடுத்தல்

இலங்கையில் 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், சில பத்தாண்டுகளுள் கோப்பிப் பெருந்தோட்டங்களை அழித்துவிட்டது. ஆயினும், கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பி இன்றும் பயிராகின்றது. பழுத்த பழங்களை மட்டும் தெரிந்து பறித்து, நன்கு உலர்த்திய கமக்காரரின் உழைப்பு அடுப்படியிற் சில நிமிடங்களுள் வீணாகிவிடக் கூடும். தம் கொட்டையின் உண்மைச் சுவையை அறியாதவர் அதற்குரிய விலையைக் கேட்கவும் அறியார். ஆகவே, தக்க வடிமுறையை அறிதல் குடிப்போர்க்கு மட்டுமன்றி, பயிரிடுவோர்க்கும் பயன்தரும்.

சுவை பிரியும் விதம்

வறுத்த தூளின் நிறையில் நூற்றுக்கு 18 முதல் 22 பங்கு வரை நீரிற் கரைந்தாற் சுவை நிறைவாயிருக்கும். குறைந்தாற் புளிப்பும், மிகுந்தாற் கசப்பும் மேலோங்கும். தூளின் பருமன், நீரின் வெப்பம், ஊறும் நேரம் ஆகியவையே இதனை முடிவு செய்கின்றன. தூளை நீரிலிட்டு நெடுநேரம் கொதிக்கவைப்பின் கசப்பு மிகும். நறுமணமும் ஆவியோடு நீங்கும்.

முறைகள்

1. தாளினால் வடித்தல்: நடுத்தரமாக அரைத்த தூளின்மேல் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, 3 முதல் 4 நிமிடங்களில் வடித்தல் வேண்டும். தாள் எண்ணெய்ப்பசையைத் தடுப்பதால், உயர்நிலத்தில் விளைந்த அராபிக்காவின் நறுமணமும் மென்புளிப்பும் தெளிவாகப் புலப்படும். வடிக்காத கோப்பியிலுள்ள எண்ணெய்ப்பொருள் குருதியிற் கொலஸ்திரோலை உயர்த்துமாதலால், நாடோறும் பலமுறை அருந்துவோர்க்கும் இம்முறையே நன்று.

2. சீலையினால் வடித்தல்: செலவு குறைந்தது. சீலையைச் சவர்க்காரமின்றி வெந்நீரிற் கழுவி வைத்தல் வேண்டும். பழைய எண்ணெய்ப்பசை படிந்த சீலை நல்ல கோப்பியையும் கெடுக்கும்.

3. ஊறவைத்து அழுத்துதல்: பரும்படியான தூளை 4 நிமிடம் ஊறவைத்து, வலைத்தட்டினால் அழுத்துதல் வேண்டும். கனமான சுவையை விரும்புவோர்க்கு ஏற்றது.

4. ஈரடுக்கு உலோக வடிபாத்திரம்: மெல்ல இறங்கும் கடுஞ்சாறு பாலுடன் கலப்பதற்கு உரியது. கசப்பு மிகுந்த றொபஸ்ராவிற்கு இது பொருந்தும்.

அளவும் வெப்பமும்

முதலாம், மூன்றாம் முறைகளுக்கு 250 மில்லிலீற்றர் நீருக்கு 15 கிராம் தூள் போதும். நீரின் வெப்பம் 90 முதல் 96 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. தாழ்நிலத்தில் கேத்தல் கொதித்தபின் அரை நிமிடமளவு பொறுத்து ஊற்றுக. நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிப்பதால், அங்கு காத்திருத்தல் வேண்டா. கொட்டையை வடிக்கும் வேளையிலேயே அரைத்தல் நன்று. அரைத்த தூளின் மணம் விரைவிற் குன்றும்.

சோதித்தறிதல்

ஒரே கொட்டையை, ஒரே அளவில், இரு முறைகளில் வடித்து, பாலும் சீனியும் சேர்க்காது சுவைத்தல் வேண்டும். புளித்து நீர்த்திருந்தால் அடுத்த முறை தூளை நுண்ணிதாகவும், கசந்தாற் பரும்படியாகவும் அரைக்குக. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக; இரண்டை மாற்றினாற் காரணம் விளங்காது.

எம்முறையில் வடிப்பினும் பூஞ்சண நாற்றம் நீங்காதாயின், குறை வடித்தலில் இல்லை. உலர்த்தலிலோ களஞ்சியப்படுத்தலிலோ உள்ளது. அடுத்த அறுவடையில் அதனைத் திருத்திக் கொள்ளுதலே வழியாகும்.